போகாத பப்புக்கு ஐந்து நட்சத்திரம்

1

இந்தக் குறிப்பில் அந்த பப்பின் பெயரை எழுதக் கூடாது என்பது என் மகள் கிரேஸின் கட்டளை. பெயர் தெரிந்தால் இதைப் படிக்கிற நீங்களும் போனை எடுத்து ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவீர்கள் என்று பயப்படுகிறாள். கோலார் தங்கவயல்காரர்களைப் பற்றி அவளுக்கு அப்படி ஓர் அபிப்பிராயம் விழுந்துவிட்டது. காரணம் அங்கே ஊரிகம் பகுதியில் இருக்கும் என் அக்கா எஸ்தர். அக்காவிடம் வாயை விட்டவன் நான்.

இங்கே லீட்ஸ் நகரின் நடுவில் இருக்கிறது அந்த பப். இளவட்டங்கள் வாசலில் வரிசையில் நின்று உள்ளே போகிற இடம். கிரேஸ் அங்கே உதவி மேனேஜர். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவள், படிக்கும்போது பகுதிநேர வேலைக்குப் போனாள், படிப்பு முடிந்தது, வேலை முடியவில்லை. எங்கள் தமிழ்ச் சபையில் யாராவது "மகள் என்ன செய்கிறாள்?" என்று கேட்டால் "ஹாஸ்பிடாலிட்டியில் இருக்கிறாள்" என்பேன். என் மனைவி நர்ஸ் என்பதால் கேட்டவர்கள் காதில் "ஹாஸ்பிடல்" என்றே விழும். "அம்மா மாதிரியே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்பார்கள். நான் திருத்துவதில்லை. ஒரு அம்மாள் மட்டும் எந்த வார்டு என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

நான் அந்த பப்புக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. கோபம் ஒன்றும் இல்லை. மகள் வேலை செய்கிற இடத்தில் போய் என்ன சொல்லி உட்காருவது என்று தெரியவில்லை. குடிக்கவும் மாட்டேன். அவளும் கூப்பிடவில்லை. அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், நாக்கில் இறங்காது. என் ஆங்கிலமோ அலுவலகத்துக்குப் போதும், மகளிடம் மனம்விட்டுப் பேசப் போதாது. அவள் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் "வேலை எப்படி?" என்பேன். "ஃபைன்" என்பாள். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஆகவே அவளுடைய வாழ்க்கையை நான் வாடிக்கையாளர்களின் விமர்சனங்களிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேதம் வாசிக்கிறேனோ இல்லையோ, அந்த பப்பைப் பற்றி இணையத்தில் இந்த ஊர்க்காரர்கள் போட்டதை வாசித்துவிடுவேன்.

"உருளைக்கிழங்கு வறுவலைத் தகர வாளியில் வைத்துக் கொடுக்கிறார்கள். நான் ஆடு இல்லை. இரண்டு நட்சத்திரம்."

"கூரையில் தொங்கவிட்டிருக்கும் செடி என் ஒயினுக்குள் இலை உதிர்த்தது. ஆனாலும் அழகான இடம். நான்கு."

"கழிவறைக் கதவுகளில் ஆண், பெண் என்று எழுதாமல் இரண்டு மீன்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். மீன்களைப் பற்றிப் படித்தவர் மட்டுமே சரியான கதவைத் திறக்க முடியும். மூன்று."

"கிரேஸுக்கு என் நாயின் பெயர் ஞாபகம் இருந்தது. என் மருமகனுக்கு இன்னும் தெரியாது. ஐந்து."

இந்தக் கடைசி விமர்சனத்தைப் படித்த அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் காட்டலாமா என்று யோசித்தேன். இந்த நாட்டில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் எதையும் காட்டக் கூடாது. காட்டவில்லை.

2

கருத்துச் சொல்வது என்பது எனக்குப் புதிய விஷயம் அல்ல. வண்டி நிறுத்தியதற்கு அபராதம் வாங்கியவர்கள் எழுதும் முறையீடுகளைப் படித்துப் பதில் போடுவதுதான் என் வேலை. "என் பூனைக்குப் பிரசவம், அதனால்தான் மஞ்சள் கோட்டில் நிறுத்தினேன்" என்று எழுதினவருக்கு "தங்கள் பூனைக்கு வாழ்த்துகள், அபராதம் தொடர்கிறது" என்று மரியாதையாகப் பதில் எழுதத் தெரிந்தவன்.

ஊரில் நட்சத்திரமெல்லாம் கிடையாது. தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு பாரின் தரத்தை, அதிலிருந்து வெளியே வருகிறவர் சைக்கிளைத் தேடும் விதத்தை வைத்தே சொல்லிவிடலாம். சொந்த சைக்கிளை எடுத்தால் சுமார். அடுத்தவர் சைக்கிளை எடுத்தால் நல்ல கடை. சைக்கிளில் வராதவர் சைக்கிளைத் தேடினால் பிரமாதம். பிரசங்கத்துக்கும் பிரியாணிக்கும் தீர்ப்புச் சொல்ல எங்கள் அக்கா எஸ்தர் இருந்தாள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் போட்டுவிட்டு அவள் முகத்தைத் தூக்கும்போது, சமையல்காரர் சட்டியின் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். அக்கா தலையை ஆட்டினால் அவருக்கு அடுத்த கல்யாணம் நிச்சயம்.

அக்கா இப்போதும் ஊரிகத்தில்தான் இருக்கிறாள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டரில் வேலை. இருட்டோடு எழுந்து ரயிலைப் பிடித்து, பொழுது சாய்ந்து அதே ரயிலில் திரும்பும் கூட்டத்தில் ஒருத்தி. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் அவளுக்கென்று ஓர் இடம். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் நான் படித்தது ஒற்றை நட்சத்திரம். கேரி என்று ஒருவர் எழுதியிருந்தார். "கிரேஸ் என்கிற பெண் எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினாள். பெயரில்தான் கிரேஸ், குணத்தில் இல்லை. இப்படிப்பட்டவளை வேலையிலிருந்து எடுங்கள்."

அதை இரண்டு தடவை படித்தேன். கிரேஸிடம் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் நான் தினமும் படிப்பது தெரிந்துவிடும். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா சாமு, கொரலே சரியில்ல?"

சொன்னேன். படித்தும் காட்டினேன்.

"அவமானம்னா? இன்னா பண்ணிட்டாளாம் கொழந்த?"

"தெரியலக்கா. அவன் அவ்ளோதான் எழுதியிருக்கான்."

"எவனோ ஒருத்தன் எழுதுவான், நம்ம சும்மா பாத்துகினு இருக்கணுமா? பதிலுக்கு எழுத முடியாதா?"

"யாரு வேணாலும் எழுதலாம். அதான் அந்த வெப்சைட்டு."

"யாரு வேணாலுமா?"

"ஆமா."

அக்கா பேனாவும் தாளும் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்தக் கடை பேரு இன்னா சொன்ன? ஸ்பெல்லிங் சொல்லு" என்றாள். விசாரிக்கிறாள் என்று நினைத்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

3

மறுநாள் காலை பஸ்ஸில் போனைத் திறந்தேன். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஊரில் அக்கா போகும் காலை ரயில் கிளம்பியிருந்தது.

மெர்சி புஷ்பராணி: "இடம் ரொம்ப சுத்தம். பாத்ரூம் நல்லா இருக்கு. லேடீஸ் தனியா வரலாம். ஸ்தோத்திரம்." ஐந்து.

ஜெயசீலி: "மட்டன் பிரியாணி அருமை. ரைத்தா மட்டும் தண்ணி." ஐந்து.

பங்காருப்பேட்டையில் ஏறும் மஞ்சுளா கன்னடத்தில் எழுதியிருந்தாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, டூவீலர் நிறுத்த இடம் உண்டு, சொந்தக்காரர் நல்ல மனுஷர். ஐந்து.

இன்னொருத்தி, வரைபடத்தைப் பார்த்திருப்பாள்போல, "ஸ்டேஷனிலிருந்து நடந்தே போயிடலாம்" என்று எழுதியிருந்தாள். அது உண்மைதான். கீழே போகப் போகப் பெண்கள் பெட்டி முழுக்க வந்துகொண்டே இருந்தது. குடும்பத்தோடு போக ஏற்ற இடம் என்று ஒருத்தி. பிள்ளைகளுக்கு யூனிபார்ம் நீட்டாக இருக்கிறது என்று ஒருத்தி. அவள் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ.

அக்காவுடையது எல்லாவற்றிலும் நீளம்.

"இந்தக் கடையில் வேலை செய்யும் கிரேஸ் நல்ல குடும்பத்துப் பெண். அவளுடைய தாத்தா மைன்ஸில் சுரங்கத்துக்கு முட்டுமரம் நிறுத்தும் டிம்பர்மேன். பெயரைச் சொன்னாலே ஊரிகத்தில் தெரியும். ஒரு மனுஷனையும் அவமானப்படுத்தும் வளர்ப்பு எங்களுடையது அல்ல. அவளைப் பற்றித் தவறாக எழுதின கேரி என்பவர் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகவும். கடையைப் பற்றி: நன்றாக இருக்கிறது."

நான் என்ன சொல்வது! முதலில் சிரித்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் மகள் பிறந்ததிலிருந்து இரண்டு முறைதான் ஊருக்குப் போயிருக்கிறாள். அவளுக்காக ஒரு ரயில் பெட்டியே பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது. சந்தோஷத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

4

மதிய இடைவேளையில் கிரேஸ் போன் செய்தாள். அவள் தானாகப் போன் செய்வது அபூர்வம்.

"அப்பா, மெர்சி புஷ்பராணி யாரு?"

அவள் தமிழில் கேட்டதிலேயே விபரீதம் புரிந்தது. பிறகு ஆங்கிலத்துக்கு மாறிக் கொட்டித் தீர்த்தாள். ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து இத்தனை ஐந்து நட்சத்திரங்கள் வந்ததால், அந்த இணையதளம் பப்பின் பக்கத்தில் மேலே சிவப்புப் பட்டை போட்டுவிட்டது. இங்கே சந்தேகத்துக்குரிய விமர்சனங்கள் வந்துள்ளன என்று உலகத்துக்கே அறிவிப்பு. முதலாளி காசு கொடுத்து எழுத வைத்தார் என்று மற்ற பப்புக்காரர்கள் சிரிக்கிறார்களாம். முதலாளி டாம், கிரேஸ்தான் சொந்தக்காரர்களை விட்டு எழுத வைத்தாள் என்று நினைக்கிறார். புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்கு அவளை மேனேஜராகப் போடுவதாக இருந்தாராம். இப்போது யோசிக்க வேண்டும் என்கிறாராம்.

"நீ மேனேஜர் ஆகப்போறதை என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். போன் அணைந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை, அவள் ரயிலில் இருந்தாள். பின்னால் யாரோ கீரை ஆய்ந்துகொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. அத்தனை பேரு அஞ்சு போட்டது சந்தேகமா இருக்குதாம்."

"இன்னாத்துக்கு எடுக்கணும்? நல்லதுதானே எழுதிக்கீறோம்?"

"நீங்க யாருமே அங்க போனதில்லையேக்கா!"

"போனாதான் தெரியுமா? உம் பொண்ணு வேல செய்ற எடம், நல்லாதான் இருக்கும். சரி, அஞ்சு அதிகம்னு சொல்றாங்களா? பாத்துக்குறேன் வுடு."

அவள் பார்த்துக்கொண்ட விதம் ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. ஐந்துதானே அதிகம்? எல்லாரும் குறைத்துவிட்டார்கள். எழுதியதை அப்படியே வைத்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும். "மட்டன் பிரியாணி அருமை" என்று சொல்லிய ஜெயசீலி ஒரு நட்சத்திரம். "லேடீஸ் தனியா வரலாம், ஸ்தோத்திரம்" என்ற மெர்சி இரண்டு. மஞ்சுளா எதையோ அமுக்கப்போய் போனிலிருந்து அந்த ஆப்பையே எடுத்துவிட்டாள். விமர்சனம் மட்டும் அங்கேயே இருந்தது. பப்பின் மதிப்பெண், சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜ் கயிறு அறுந்த மாதிரி விறுவிறுவென்று கீழே போனது.

5

அடுத்த நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக பப்புக்குப் போனேன். விமர்சகர்கள் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. தொங்கும் செடிகள், தகர வாளிகள், இரண்டு மீன்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் கிரேஸ், சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் "ஃபைன்" என்ற ஒற்றைச் சொல் பேசுகிறவள்.

என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த துணி நின்றது. பிறகு டாமைக் கூப்பிட்டாள்.

டாம் உயரமான, மெலிந்த, தூக்கம் இல்லாத மனிதர். நான் அலுவலகத்தில் பேசுகிற மரியாதை ஆங்கிலத்தில், தவறு முழுவதும் என்னுடையது, மகளுக்கு எதுவும் தெரியாது, எழுதியவர்கள் அனைவரும் என் அக்காவோடு ரயிலில் போகிற பெண்கள் என்று சொன்னேன்.

"ரயிலா?" என்றார்.

"தினமும் போகிற ரயில்."

"ஒற்றை நட்சத்திரம் வந்தால் ஒரு நாள் வருத்தப்படுவேன், மறந்துவிடுவேன். ஐந்து நட்சத்திரத்தால் கடையை மூடவேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை" என்றார்.

"எல்லாம் அந்த கேரி எழுதியதால்" என்றேன். "என் மகள் யாரையும் அவமானப்படுத்த மாட்டாள்."

டாம் கிரேஸைப் பார்த்தார். "உன் அப்பாவிடம் நீ சொல்லவில்லையா?"

அவள் சொல்லவில்லை. டாம்தான் சொன்னார். கேரி மனைவியோடு வந்திருந்தார். நிற்க முடியாத அளவுக்குக் குடித்த பிறகு இன்னும் கேட்டார். மனைவி வேண்டாம் என்றதற்கு அவளை நோக்கிக் கத்தினார். கிரேஸ் கவுண்டரை விட்டு வெளியே வந்து, இருவருக்கும் நடுவில் நின்று, இன்றைக்கு உங்களுக்குப் போதும் என்று சொல்லி, ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். மனைவிக்கு டாக்சி பிடித்துக் கொடுத்தாள்.

"போதை ஏறினவனுக்கு மேலே ஊற்றினால் சட்டப்படி குற்றம்" என்றார் டாம். "ஆனால் இவள் அதற்காகச் செய்யவில்லை."

நான் கிரேஸைப் பார்த்தேன். அவள் துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அத்தைக்கு வீடியோ கால் போடுங்கப்பா" என்றாள். "நானே பேசுறேன்."

ஊரில் அப்போது மாலை ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அக்காவின் முகம் திரையில் வந்ததும் பெட்டியிலுள்ள மற்ற முகங்களும் நான்கு பக்கமிருந்தும் நுழைந்தன. டாமைக் கண்டதும் எல்லாரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். "சார், பொண்ணத் திட்டாதீங்க சார்" என்று ஒருத்தி. "தம்பி ஒல்லியா கீறாரே, சாப்புடறதே இல்லியா?" என்று இன்னொருத்தி. என்ன சொல்கிறார்கள் என்று டாம் என்னிடம் கேட்டார். உங்கள் ஆரோக்கியத்தை விசாரிக்கிறார்கள் என்றேன்.

கிரேஸ் போனை வாங்கினாள். பத்து வருஷமாக என் காதில் விழாத அளவுக்குத் தமிழ் அவள் வாயிலிருந்து வந்தது. உடைந்த தமிழ்தான். ஆனால் நிற்கவில்லை.

"ஆன்ட்டி, உங்க பேரு பக்கத்துல மூணு புள்ளி இருக்கு. அத அமுக்குங்க. இல்ல, அது போட்டோ. போட்டோ வேணாம். மூணு புள்ளி."

"அமுக்கிட்டேம்மா. இங்கிலீசுல இன்னாவோ வருது."

"டெலிட். அதான். அதையும் அமுக்குங்க. தேங்க்யூ ஆன்ட்டி. அடுத்தது யாரு?"

போன் பெட்டிக்குள் கைமாறிக் கைமாறிப் போனது. மாலூர் பக்கம் சிக்னல் போய், ஜெயசீலி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். திரும்ப வந்தபோது அவள் பிரியாணி விமர்சனத்தை எடுத்து முடித்திருந்தாள். மஞ்சுளாவுக்கு ஆப்பை மறுபடி இறக்கி, பாஸ்வேர்டு மறந்து, அதைக் கண்டுபிடித்து, பங்காருப்பேட்டை வருவதற்குள் அவளும் எடுத்தாள். கவுண்டரில் நின்றிருந்த வாடிக்கையாளர்கள் குடிப்பதை விட்டுவிட்டு இதையே பார்த்தார்கள். ஒவ்வொருத்தி எடுக்கும்போதும் டாம் சத்தமாகக் கைதட்டினார்.

கடைசியில் அக்கா மட்டும் பாக்கி.

"நா எடுக்க மாட்டேன். மொதல்ல நீ சொல்லு கண்ணு. அந்தாள இன்னா பண்ண?"

கிரேஸ் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்கட்டுமா என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவரு நெறைய குடிச்சிட்டாரு அத்தை. இன்னும் கேட்டாரு. வைஃப் வேணாம்னு சொன்னாங்க. அவங்கள கத்தினாரு. நான் நடுவுல போய் நின்னேன். போதும்னு சொன்னேன். குடுக்கல."

 திரையில் இருந்த முகங்கள் இன்னும் நெருங்கி வந்தன. பிறகு மெர்சியின் குரல் வந்தது. முகம் தெரியவில்லை.

"நல்லது செஞ்சம்மா."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போனில் எதையோ தேடினாள்.

"தோ, எட்த்துட்டேன்" என்றாள். "அந்தாளு எழுதினது இருக்கட்டும். படிக்கறவங்களுக்குப் புரியும்."

6

சிவப்புப் பட்டை சில வாரங்கள் இருந்து, பிறகு போனது. அதற்குள் அந்த பப்புக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டதாகக் கேள்வி. மட்டன் பிரியாணி எங்கே என்று கேட்டு வந்தவர்களும் உண்டாம். புதுக் கிளை கிரேஸுக்கே கிடைத்தது. சபையில் இப்போது யார் கேட்டாலும் "பப் மேனேஜர்" என்கிறேன். வார்டு கேட்ட அம்மாள் மட்டும் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு ஞாயிறு அக்கா போன் செய்து தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். மெர்சியின் வீட்டுக்காரரிடம் கிரேஸ் இரண்டு வார்த்தை பேசுவாளா? குடியை விடும்படி பாஸ்டர் சொல்லியும் அவர் கேட்கவில்லை, டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் பார் நடத்துகிற பெண் என்றால் ஒருவேளை கேட்பாராம்.

இது சரிப்படாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கிரேஸ் கையை நீட்டினாள். "நம்பர் குடுங்கப்பா."

சாம்பியன் ரீப்ஸில் அந்த வீட்டின் முன்னறை திரையில் தெரிந்தது. மெர்சியின் கணவர் தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நீதானாம்மா அந்தப் பார் பொண்ணு? இன்னா இன்னா சரக்கு கீது அங்க?"

"எல்லாம் இருக்கு அங்கிள்."

"அங்க வந்தா எனுக்கு ஒண்ணு ஊத்துவியா?"

கிரேஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடிந்துகொள்ளும் பார்வை இல்லை. எதிரில் நிற்பவர் எவ்வளவு தாங்குவார் என்று அளக்கிற பார்வை.

"இன்னைக்கு இல்ல அங்கிள். இன்னைக்கு உங்களுக்குப் போதும்."

"கடக்காரியே இப்டி சொன்னா நா எங்கம்மா போவேன்?"

"எங்கயும் போவேணாம். தண்ணி குடிங்க. நாளைக்கு இதே டைமுக்குப் போன் பண்றேன்."

"நெஜமாப் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

பண்ணினாள். மறுநாளும், அதற்கு மறுநாளும். வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில், பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் உடைந்த தமிழில் சத்தமாகப் பேசுகிறாள். அவர் அடியோடு விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, மெர்சியும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் நெருங்கினால் மனுஷன் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம்.